வட்டுப் பரிசோதனை மென்பொருள்களை மதிப்பிடும் முறை

கணிப்பொறியின் பிற உறுப்புகள் பழுதுற்றால் பணம் கொடுத்து அவற்றை மாற்றிவிடலாம். திரை போனால் வேறு திரை வாங்கலாம். மின்வழங்கி எரிந்தால் வேறொன்று பொருத்தலாம். வட்டு பழுதுற்றாலோ, புதிய வட்டு கடையில் கிடைக்குமேயன்றி, பழைய வட்டில் எழுதப்பட்டிருந்த செய்தி எந்தக் கடையிலும் கிடைக்காது. மாணவர்களின் மதிப்பெண் பதிவேடு, களத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்த்த அளவீடுகள், ஊதியக் கணக்கு ஆகியவை இன்று பெரும்பாலும் ஒரு வட்டின் மீதே நிற்கின்றன. ஆதலின், வட்டு கெடுமுன் அதன் கேட்டை அறிய வேண்டும் என்ற விருப்பம் இயல்பானதே.

இவ்விருப்பத்தை நிறைவேற்றுவதாகக் கூறிப் பல மென்பொருள்கள் விற்கப்படுகின்றன. சில, வட்டின் உடல்நிலையை அறிவிப்பன. சில, அதன் வேகத்தை அளப்பன. வேறு சில, இரண்டையும் செய்வன. இதே பணிகளை விலையின்றிச் செய்யும் மென்பொருள்களும் உண்டு. அங்ஙனமாயின், பணம் கொடுத்து வாங்குவதால் நாம் பெறுவது யாது? பள்ளியிலோ கிளை அலுவலகத்திலோ பொறுப்பேற்றிருப்பவர் இதனை எங்ஙனம் முடிவு செய்வது? இவ்வினாக்களையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

வட்டின் இருவகை

வழக்கில் 'ஹார்ட் டிஸ்க்' எனப்படுவது, காந்தப்பூச்சுள்ள தட்டுகள் சுழலும் பெட்டியாகும். இத்தகைய வட்டுடன் 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதற் கணிப்பொறியில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே ஏற்றன. இன்று உள்ளங்கையளவு வட்டொன்று அதனினும் பல இலட்சம் மடங்கு ஏற்கிறது. எனினும் அடிப்படை மாறவில்லை. தட்டு சுழல்கிறது, அதன் மேற்பரப்பை ஒட்டி, தொடாமல், படிக்கும் தலை நகர்கிறது.

இரண்டாம் வகை, 'எஸ்.எஸ்.டி.' எனப்படுவது. இதில் சுழலும் பகுதி எதுவுமில்லை; மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தும் நுண்ணறைகளில் செய்தி எழுதப்படுகிறது. ஒவ்வொரு முறை அழித்தெழுதும்போதும் அறை சிறிது தேய்கிறது. சுருங்கக் கூறின், முதல் வகை இயந்திரத் தேய்மானத்தாலும், இரண்டாம் வகை எழுத்துத் தேய்மானத்தாலும் முதுமை அடைகின்றன. இரு வகையிலும் எவ்வித முன்னறிவிப்புமின்றி மின்சுற்று செயலிழத்தலும் உண்டு. இக்கடைசி உண்மையைப் பின்னர் மீண்டும் காண்போம்.

வட்டே எழுதும் குறிப்பேடு

வட்டினுள் ஒரு சிறு கணிப்பொறி உளது. அது தன் பிழைகளையும், ஓடிய நேரத்தையும், வெப்பத்தையும் தானே எண்ணிக் குறித்து வைக்கிறது. 1992-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனமும், 1995-ஆம் ஆண்டில் காம்பாக் நிறுவனமும் இத்தகைய முன்னறிவிப்பு முறைகளைப் புகுத்தின. அவற்றிலிருந்து பல நிறுவனங்கள் ஏற்ற பொதுமுறையொன்று தோன்றியது. அதுவே 'ஸ்மார்ட்' எனப்படும்.

இவ்விடத்தில் வாசகர் உறுதியாக மனத்திற் கொள்ள வேண்டிய கருத்து ஒன்றுண்டு. உடல்நிலையை அறிவிக்கும் மென்பொருள் வட்டை நேரே அளப்பதில்லை. வட்டு தன்னைப்பற்றித் தானே எழுதிய குறிப்பேட்டை வாங்கிப் படித்து, நமக்குக் காட்டுகிறது. 2002-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' என்னும் விலையற்ற தொகுதியும், ஜப்பானில் உருவான 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ'வும், ஹங்கேரியிலிருந்து விற்கப்படும் 'ஹார்ட் டிஸ்க் சென்டினல்' என்பதும் திறப்பது ஒரே குறிப்பேட்டையே. ஆகவே, விலையுள்ளது ஆழமாகப் பார்க்கும், விலையற்றது மேலோட்டமாகப் பார்க்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. வேறுபாடு படிப்பதில் அன்று. படித்ததை எடுத்துரைப்பதிலும், இடைவிடாது கண்காணிப்பதிலுமே உளது.

குறிப்பேட்டில் நோக்கத் தக்கவை

குறிப்பேட்டில் பல வரிகள் இருப்பினும், களப்பணியாளர் கருத்தூன்ற வேண்டியவை சிலவே. அவை எண்களால் வழங்கப்படுகின்றன.

5-ஆம் எண், மாற்றப்பட்ட பகுதிகளின் தொகை. தட்டில் ஓரிடம் கெட்டால் வட்டு அதனை ஒதுக்கி, சேமத்திலுள்ள வேறோரிடத்தைப் பயன்படுத்துகிறது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட இடங்களின் கணக்கு இது.

197-ஆம் எண், ஐயத்திற்குரிய பகுதிகளின் தொகை. படிக்க முயன்று இயலாமற்போன, இன்னும் தீர்ப்புக் கூறப்படாத இடங்கள் இவை. 198-ஆம் எண், வட்டு தன் ஓய்வு நேரச் சோதனையில் திருத்தவியலாமற் கண்ட இடங்களைக் குறிக்கும்.

187-ஆம் எண், திருத்தவியலாமல் கணிப்பொறிக்கு அறிவிக்கப்பட்ட பிழைகளின் தொகை. இவ்வெண் எல்லா நிறுவன வட்டுகளிலும் காணப்படாது.

199-ஆம் எண், வட்டுக்கும் கணிப்பொறிக்கும் இடையே செய்தி செல்லும் வழியில் நேர்ந்த பிழைகள். இது உயர்ந்தால் குற்றம் பெரும்பாலும் வட்டினது அன்று. கேபிளினதோ அதன் முனையினதோ ஆகும். கடற்காற்றும் ஈரமும் மிகுந்த மும்பை போன்ற ஊர்களில் உலோக முனைகள் எளிதிற் களிம்பேறும். ஆகவே, இவ்வெண்ணைக் கண்டதும் முதலில் கேபிளை மாற்றிப் பார்த்தல் வேண்டும். சிறு செலவில் தீரும் குறைக்காக நல்ல வட்டைத் தள்ளிவிடுதல் கூடாது. இவ்வெண் ஒருமுறை உயர்ந்தபின் குறைவதில்லை. மேலும் உயராமல் நின்றுவிட்டால் குறை தீர்ந்தது எனக் கொள்க.

9-ஆம் எண், வட்டு ஓடிய மணிகள். 194-ஆம் எண், வெப்பநிலை.

சில வகை எஸ்.எஸ்.டி.களில் வரிகள் வேறு. புதிய 'என்.வி.எம்.இ.' வகையில், 'செலவான விழுக்காடு' என்றும் 'எஞ்சிய சேமம்' என்றும் இரு வரிகள் உண்டு. முன்னது 100-ஐக் கடந்தும் செல்லக்கூடும். அது உற்பத்தியாளர் மதிப்பிட்ட ஆயுள் கடந்துவிட்டதைக் காட்டுமேயன்றி, அந்நொடியே வட்டு நின்றுவிடும் என்று பொருளன்று.

ஒவ்வொரு வரியிலும் மூல எண் ஒன்றும், அதனைச் சுருக்கிய மதிப்பெண் ஒன்றும் இருக்கும். மூல எண்ணின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எடுத்துக்காட்டாக, சீகேட் வட்டுகளில் 1-ஆம் வரியின் மூல எண் கோடிக்கணக்கில் தோன்றக் காணலாம். செய்த பணிகளின் தொகையும் பிழைகளின் தொகையும் ஒரே எண்ணிற் கோத்து எழுதப்படுவதால் இவ்வாறு தோன்றுகிறது. இதனை அறியாதார் நல்ல வட்டைக் கண்டு அஞ்சுவர்.

'நலம்' என்னும் சொல்லின் மதிப்பு

குறிப்பேடு எவ்வளவு நம்பத்தக்கது? இவ்வினாவுக்குப் பேரளவில் விடை தந்த ஆய்வு ஒன்று 2007-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த பின்ஹெய்ரோ, வெபர், பரோஸோ ஆகிய மூவரும் தம் நிறுவனத்தில் ஓடிய ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்தனர். அவர்கள் கண்டவற்றுள் இரண்டு நமக்கு இன்றியமையாதவை.

முதலாவது: மேற்பரப்பைச் சோதிக்கையில் முதற் பிழை தோன்றிய வட்டு, அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையற்ற வட்டைக் காட்டிலும் 39 மடங்கு மிகுதியாக இருந்தது.

இரண்டாவது: செயலிழந்த வட்டுகளுள் 56 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவற்றில், வலுவான அறிகுறிகள் எனக் கருதப்பட்ட நான்கனுள் ஒன்றுகூடத் தோன்றியிருக்கவில்லை. அஃதாவது, பாதிக்கும் மேற்பட்ட வட்டுகள், இந்நான்கு வரிகளிலும் குறையேதும் எழுதாமலே மாண்டன.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின் ஒரு விதி கிடைக்கும். மென்பொருள் 'நோய் உண்டு' என்றால் அதனை நம்புக, தாமதியற்க. மென்பொருள் 'நலம்' என்றால் அதனை உறுதிமொழியாகக் கொள்ளற்க. எத்தனை பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளாயினும், குறிப்பேட்டில் இல்லாத செய்தியை அதனால் உரைக்கவியலாது.

வட்டின் உறையில் அச்சிடப்படும் ஆயுட்கணக்கும் இவ்வாறே பொருள் கொள்ளத் தக்கது. 'பழுதுகளுக்கிடையே சராசரி 10 இலட்சம் மணி' என்பதைக் கண்டு, வட்டு 114 ஆண்டு வாழும் என எண்ணுதல் தவறு. ஆண்டொன்றுக்கு 8,760 மணி. அதனை 10 இலட்சத்தால் வகுக்க 0.88 விழுக்காடு வரும். ஆயிரம் வட்டுகளுள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது பழுதுறும் என்பதே அதன் பொருள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷ்ரோடர், கிப்சன் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்விலோ, ஆண்டுதோறும் மாற்றப்பட்ட வட்டுகள் 2 முதல் 4 விழுக்காடு வரை இருத்தல் பொதுவாகக் காணப்பட்டது. 20 கணிப்பொறிகள் உள்ள பள்ளியில் ஆண்டுக்கு 3 விழுக்காடு எனக் கொண்டால், ஐந்தாண்டுகளில் மூன்று வட்டுகள் மாற்றப்படும். இவற்றுள் ஒன்று அலுவலக வட்டாக இராது என்பதற்கு யாரும் பிணை நிற்கவியலாது.

விலை கொடுப்பதால் கிடைப்பது

குறிப்பேடு ஒன்றேயாயினும், விலையுள்ள மென்பொருள் பயனற்றது என்று கூறுதல் நேர்மையாகாது. அதனாற் பெறுவன கீழ்வருமாறு.

முதலாவது, கண்காணிப்பு. மென்பொருள் பின்னணியில் ஓடி, எண்கள் மாறும்போது மின்னஞ்சல் வழியாக எச்சரிக்கும். செம்பூரிலிருந்து ஒருவரே பல கிளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பின் இது பெரும் உதவியாகும். விலையற்ற தொகுதிகளாலும் இதனைச் செய்யலாம். ஆயின் அதனை அமைக்க ஓரளவு பயிற்சி வேண்டும்.

இரண்டாவது, விளக்கவுரை. வெறும் எண்ணைக் காட்டாமல், 'இவ்வட்டில் இத்தனை இடங்கள் கெட்டுள்ளன. உடனே படியெடுக்க' என்று எழுதிக் காட்டும். இங்கு எச்சரிக்கை ஒன்று வேண்டும். 'உடல்நிலை 87 விழுக்காடு' என்பது போன்ற எண், வட்டு கூறியதன்று. மென்பொருளாக்கியோர் தாமே வகுத்த கணக்கின் விடை. வேறொரு மென்பொருள் அதே வட்டுக்கு வேறோர் எண்ணைக் கூறும். ஆதலின், மூல எண்களையும் உடன் காட்டாத மென்பொருளை வாங்குதல் தகாது.

மூன்றாவது, யு.எஸ்.பி. பெட்டிகளுக்குள்ளும் வட்டுத் தொகுப்புகளுக்கு அப்பாலும் உள்ள வட்டுகளின் குறிப்பேட்டை எட்டுதல். எல்லாப் பெட்டிகளும் குறிப்பேட்டை வெளியே விடுவதில்லை. விற்பனை மென்பொருள்கள் சில, இவ்வகையில் மிகுதியான உழைப்பைச் செலுத்தியுள்ளன. நம்மிடமுள்ள பெட்டியுடன் அது இயங்குகிறதா என்பதை முன்னோட்டப் பதிப்பைக் கொண்டு சோதித்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

நான்காவது, படித்தும் மீளவெழுதியும் கெட்ட இடங்களிலிருந்து செய்தியை மீட்க முயலும் மென்பொருள்கள். நெடுங்காலமாக விற்கப்படும் 'ஸ்பின்ரைட்' இவ்வகையினது. 2024-இல் அதன் 6.1-ஆம் பதிப்பு வெளிவந்தது. இவ்வகை மென்பொருள்கள் வட்டை நெடுநேரம் உழைக்கச் செய்வன. சாகும் நிலையிலுள்ள வட்டில், வேறு படி இல்லாத செய்தி இருக்கும்போது, முதலில் எடுத்துக்கொள்ளக் கூடியதைப் படியெடுத்துவிட வேண்டும். சோதனையும் செப்பனிடுதலும் பின்னரே. தேய்ந்த இயந்திர உறுப்பை எந்த மென்பொருளும் புதிதாக்காது.

அளக்கும் கருவியை அளத்தல்

செம்பூரை அடுத்த டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையம், நம் நாட்டில் கதிரியக்க அளவீடுகளுக்கான தேசியத் தர அளவைகளைப் பேணி வருகிறது. கதிர்வீச்சை அளக்கும் கருவியொன்றை நம்புமுன், வலிமை முன்னரே தெரிந்த மூலமொன்றின் எதிரே அதனை வைத்து, அது சரியான எண்ணைக் காட்டுகிறதா என்று பார்ப்பது அங்குள்ள முறை. தெரியாததை அளக்குமுன் தெரிந்ததை அளந்து பார்த்தல் என்னும் இம்முறையை நாமும் பின்பற்றலாம்.

செய்தி எதுவும் இல்லாத மூன்று பழைய வட்டுகளைத் தேர்ந்துகொள்க. முதலாவது, நல்ல நிலையில் உள்ளது. இரண்டாவது, 197-ஆம் வரியில் சில எண்கள் தோன்றியது. இத்தகையது பழுதுபார்ப்போரிடம் எளிதிற் கிடைக்கும். மூன்றாவது, நல்ல வட்டு. ஆயின் பழுதுற்ற கேபிளுடன் இணைக்கப்பட்டது.

முதலில் விலையற்ற மென்பொருளால் மூன்றையும் படித்து எண்களைத் தாளில் எழுதுக. வட்டின் உள்ளேயே அமைந்த தற்சோதனையையும் நடத்துக. குறுஞ்சோதனை ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் முடியும். நெடுஞ்சோதனை முழு மேற்பரப்பையும் படிக்கும். விநாடிக்குச் சராசரி 100 மெகாபைட் படிக்கும் 1 டெராபைட் வட்டுக்கு 10,000 விநாடிகள், அஃதாவது 2 மணி 47 நிமிடம் வேண்டும். அதன்பின், வாங்கக் கருதும் மென்பொருளின் முன்னோட்டப் பதிப்பால் அவற்றையே மீண்டும் சோதித்து, பின்வரும் நான்கு வினாக்களுக்கு விடை காண்க.

(1) இரண்டாம் வட்டின் நோயை அது கூறியதா? (2) மூன்றாம் வட்டில், குற்றம் வட்டினதன்று, கேபிளினது என்று பிரித்துரைத்ததா? (3) நல்ல வட்டைப் பற்றி வீண் அச்சம் எழுப்பி, 'செப்பனிட உடனே வாங்குக' என்று வற்புறுத்தியதா? (4) நாம் தாளில் எழுதியதற்கு மேல் புதிய உண்மை ஒன்றையேனும் தந்ததா?

மூன்றாம் வினாவுக்கு 'ஆம்' என்ற விடை வரின், அம்மென்பொருளை அப்போதே நீக்கிவிடலாம். நான்காம் வினாவுக்கு 'இல்லை' என்ற விடை வரின், நாம் விலை கொடுப்பது கண்காணிப்புக்கும் வசதிக்கும் மட்டுமே என்பது தெளிவாகும். அவ்வசதி வேண்டுமா என்பதைப் பிறகு ஆராயலாம்.

எழுதிச் சோதிக்கும் முறைகளும் சில மென்பொருள்களில் உண்டு. அவை வட்டிலுள்ளதை அழிக்கக் கூடியவை. செய்தியுள்ள வட்டில் அவற்றை ஒருபோதும் இயக்கலாகாது.

வேக அளவை

இனி 'பெஞ்ச்மார்க்' எனப்படும் வேக அளவையைக் காண்போம். இதில் மென்பொருள் தானே கோப்புகளை எழுதியும் படித்தும் காலத்தைக் கணக்கிடுகிறது. ஆகவே, இங்குக் கிடைக்கும் எண் உண்மையான அளவீடே. ஆயினும் எதன் அளவீடு என்பதை அறிதல் வேண்டும்.

நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் தலையின் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அஃதாவது 4.17 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். தலை நகர்வதற்கு 9 மில்லி விநாடி எனக் கொண்டால், ஓர் இடத்தை அடைய ஏறத்தாழ 13.2 மில்லி விநாடி செல்லும். ஆகவே, அங்குமிங்குமாகச் சிதறிய இடங்களை விநாடிக்கு 76 முறையே படிக்க முடியும். முறைக்கு 4 கிலோபைட் எனின், விநாடிக்கு ஏறத்தாழ 300 கிலோபைட். இதே வட்டு தொடர்ச்சியான பெரிய கோப்பை விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படிக்கக் கூடும். இரண்டுக்கும் வேறுபாடு 500 மடங்கு. விளம்பரத்தில் வருவது பின்னது. கணிப்பொறியைத் திறந்துவிட்டு மாணவர்கள் காத்திருக்கும்போது நிகழ்வது பெரும்பாலும் முன்னது. எனவே, பழைய கணிப்பொறியில் எஸ்.எஸ்.டி. பொருத்தினால் விரைவு மிகுவதன் காரணம், தலை நகரும் காலமும் சுற்றுக்குக் காத்திருக்கும் காலமும் அறவே இல்லாமற் போவதேயாகும்.

அளவை பிழைபடும் இடங்கள் மூன்று. ஒன்று, இணைப்பு வழி. யு.எஸ்.பி. 2.0 வழியாக இணைத்த வட்டு எத்துணைச் சிறந்ததாயினும், நடைமுறையில் விநாடிக்கு 40 மெகாபைட்டுக்கு மேல் தருவது அரிது. அங்கு அளக்கப்படுவது கேபிளே, வட்டன்று. இரண்டு, இடைநினைவு. சிறிய கோப்பைச் சோதித்தால், கணிப்பொறியின் நினைவகமோ, எஸ்.எஸ்.டி.யின் விரைவுப் பகுதியோ விடை கூறிவிடும். சோதனைக் கோப்பு அவற்றினும் பெரியதாயிருந்தால்தான் மெய்யான எழுதும் வேகம் வெளிப்படும். மூன்று, வட்டின் நிரம்பிய அளவு. சுழல்வட்டின் வெளிச்சுற்று நீளமானதாதலின் அங்கு வேகம் மிகுதி. உட்சுற்றில் ஏறத்தாழ பாதியாகக் குறையும். வெறும் வட்டில் எடுத்த எண்ணையும், நிரம்பிய வட்டில் எடுத்த எண்ணையும் ஒப்பிடுதல் முறையாகாது.

'கிரிஸ்டல் டிஸ்க்மார்க்', 'எஃப்.ஐ.ஓ.' போன்ற விலையற்ற மென்பொருள்களே இப்பணிக்குப் போதுமானவை. ஒரே கணிப்பொறியில், ஒரே கோப்பளவில், ஐந்து முறை அளந்து நடுமதிப்பைக் கொள்க. கருவியின் விலையைவிட முறையின் ஒழுங்கே இங்கு மேலானது.

புதியது போன்ற பழைய வட்டு

கணிப்பொறி உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற மும்பை லாமிங்டன் சாலையிலும், அதுபோன்ற பிற ஊர்க் கடைத்தெருக்களிலும் பழைய வட்டுகளும் விற்கப்படுகின்றன. பழையதைப் பழையது என்றறிந்து வாங்குவதில் தவறில்லை. புதியது என்ற பெயரில் வந்த வட்டின் 9-ஆம் வரியைப் பெற்றுக்கொள்ளும் நாளிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் நலம். சில மணிகளே ஓடியிருத்தல் வேண்டும்.

இவ்வரியும் திருத்தப்படக் கூடியதே. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பல்லாயிரம் மணி ஓடிய சீகேட் வட்டுகள், ஓடிய மணிகள் அழிக்கப்பட்டு, புதியனவென ஐரோப்பியக் கடைகளில் விற்கப்பட்டமை வெளியாயிற்று. அவ்வட்டுகளில் 'ஃபார்ம்' என்னும் மற்றொரு குறிப்பேடு திருத்தப்படாமல் இருந்ததால் உண்மை புலப்பட்டது. ஸ்மார்ட்மான்டூல்ஸின் புதிய பதிப்புகள் அக்குறிப்பேட்டையும் படிக்க வல்லவை. விலையற்ற கருவி விலையுள்ளதற்குத் தாழ்ந்ததன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

செலவு செய்யும் வரிசை

மும்பை மாநகராட்சி நடத்தும் பள்ளிகளுள் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. தாராவியில் அத்தகைய பள்ளியொன்றில் வகுப்பறைக் கணிப்பொறிகள் 20-உம், அலுவலகக் கணிப்பொறி ஒன்றும் உள்ளன எனக் கொள்வோம். தலைமையாசிரியரிடம் ஒரு சிறு தொகை உளது. வட்டுப் பரிசோதனை மென்பொருளை 21 கணிப்பொறிகளுக்கும் வாங்கலாமா என்பது வினா.

ஒரு தாளில் 21 உரிமங்களின் விலையை எழுதுக. உரிமம் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கத் தக்கதாயின் ஐந்தாண்டு விலையை எழுதுக. அதனருகே இரண்டு வெளிவட்டுகளின் விலையை எழுதுக. பின்னர், எந்த இழப்பைத் தடுக்க விரும்புகிறோம் என்று கேட்டுக்கொள்க. வகுப்பறை வட்டு கெட்டால் அரைநாளில் மென்பொருள்களை மீண்டும் நிறுவிவிடலாம். அலுவலக வட்டு கெட்டாலோ, மாணவர் ஒருவர் மேற்படிப்புக்குச் சான்று வேண்டி நிற்கும்போது கையை விரிக்க நேரிடும். ஆகவே, முதற் செலவு அலுவலகச் செய்திக்கு இரண்டு படிகள். ஒன்று பள்ளியில் இருக்கட்டும். மற்றொன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

வேறிடம் என்பதற்குக் காரணம் உண்டு. 2005-ஆம் ஆண்டு சூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, மிட்டி ஆற்றங்கரைத் தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய நாளில் மேசைமேல் இருக்கும் வட்டும், மேசையறையில் இருக்கும் படியும் ஒருங்கே நனையும். எந்தக் குறிப்பேடும் மழையை முன்னறிவிப்பதில்லை.

இரண்டாம் செலவு பணமன்று, காலம். மாட்டுங்காவிலுள்ள மத்திய ரயில்வேப் பணிமனையில், பழுது தோன்றும்வரை காத்திராமல் குறித்த காலத்தில் ரயில் பெட்டிகள் பிரித்துச் சோதிக்கப்படுகின்றன. அதுபோன்று, மாதத்தின் முதல் வேலைநாளில் 5, 197, 198, 199 ஆகிய வரிகளின் எண்களை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வருக. 5-ஆம் வரியில் 8 என்ற எண் ஓராண்டாக மாறாதிருப்பின் பொறுத்துப் பார்க்கலாம். 8 என்பது அடுத்த மாதம் 40 ஆயின் உடனே மாற்றுதல் வேண்டும். தனி எண்ணைவிட எண்ணின் போக்கே நோயைக் காட்டும். 21 கணிப்பொறிகளுக்கும் இப்பணியை மாணவர் குழு ஒன்று ஆசிரியரின் மேற்பார்வையில் ஒரு பாடவேளையில் முடித்துவிடலாம்.

இவ்விரண்டும் நிறைவேறிய பின்னரும் கண்காணிப்பு வசதி வேண்டுமெனின், அலுவலகக் கணிப்பொறிக்கு மட்டும் ஓர் உரிமம் வாங்குவது தகும். வாங்குமுன், அவ்வுரிமம் நிறுவனப் பயன்பாட்டுக்கு இடம் தருகிறதா என்பதைப் படித்தல் வேண்டும். விலையற்ற மென்பொருள்களுள்ளும் சில, தனியார் இல்லப் பயன்பாட்டுக்கு மட்டுமே இசைவளிப்பன.

முடிவுரை

பரிசோதனை மென்பொருள் காவலாளி போன்றது. காவலாளி கூவினால் எழுந்து பார்க்க வேண்டும்; அவன் கூவவில்லை என்பதற்காகப் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு உறங்கலாகாது. விலை மிகுந்த காவலாளி உரக்கக் கூவக்கூடும். ஆயின் அவன் கண்ணுக்குப் படாத திருடனும் உண்டு. பாதுகாப்பைத் தருவது வேறிடத்தில் வைத்த படி ஒன்றே. அப்படியும் திறக்கிறதா என்று மூன்று மாதத்திற்கொருமுறை திறந்து பார்த்தல் கடமை. இதனைக் களப்பணியாளரும் ஆசிரியரும் நினைவிற் கொள்வாராக.

பயிற்சி

1. நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் வட்டில் அரைச் சுற்றுக்கு ஆகும் காலம் யாது? தலை நகர 12 மில்லி விநாடி எனின், விநாடிக்கு எத்தனை சிதறிய இடங்களைப் படிக்கலாம்?

2. ஒரு வட்டில் 199-ஆம் வரி மட்டும் உயர்ந்து வருகிறது. பிற வரிகள் சுழியாக உள்ளன. செய்யத் தக்கது யாது? பத்து நாட்களுக்குப் பின் எதனை நோக்க வேண்டும்?

3. உறையில் 'சராசரி 15 இலட்சம் மணி' என்று அச்சிட்ட வட்டுகள் 500 உள்ளன. அக்கணக்கின்படி ஆண்டுக்கு எத்தனை பழுதுறும்? நடைமுறையில் 3 விழுக்காடு எனின் எத்தனை?

4. ஒரு மென்பொருள் 'உடல்நிலை 100 விழுக்காடு' என்றும், மற்றொன்று அதே வட்டுக்கு '92 விழுக்காடு' என்றும் கூறுகின்றன. எதனை நம்புவது? காரணம் கூறுக.